கேட்டுப் போனவர்கள் திரும்பி வந்தார்களா?

முன்னர் கையில் கோப்புக் கட்டுடன் வருவார்கள். இப்போது கைத்தொலைபேசியுடன் வருகிறார்கள். கொட்டில் வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக் கொடுத்ததும் கேள்விகள் தொடங்கும். குடும்பத்தில் எத்தனை பேர்? சொந்த ஊரில் எவ்வளவு காணி? உறுதி கையில் இருக்கிறதா? தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள்? மலசலகூடம் தனியா, பொதுவா? கோழி, ஆடு, மாடு ஏதும் உண்டா? நாற்பது, ஐம்பது கேள்விகள் முடிவதற்குள் ஒரு மணித்தியாலம் போய்விடும். வந்தவர் நன்றி சொல்லி மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். சில மாதங்களில் வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்த வேறொருவர் வந்து அதே கேள்விகளை மீண்டும் கேட்பார். முதலில் வந்தவரிடம் சொன்ன பதில்கள் எங்கே போயின என்று அவருக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது.

நலன்புரி நிலையத்தில் இருந்தாலென்ன, உறவினர் வளவில் இருந்தாலென்ன, பாதிக் காணியை மட்டும் மீளப் பெற்று ஊர் திரும்பியிருந்தாலென்ன, இந்தக் காட்சி எமது வாசகர்களுக்குப் பழகிப் போனது. ஆகவே, தொலைபேசி மூலமும் இணையத்தின் மூலமும் மக்களின் கருத்தை அறியும் புதிய கருவிகளைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வது நியாயமே.

ஆனால் கேட்காமல் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அடித்த பின்னர், உலகின் பல திசைகளிலிருந்தும் நிறுவனங்கள் எமது கரையோரங்களுக்கு வந்தன. படகு கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் உதவி. புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும். சில இடங்களில் அழிந்தவற்றை விடக் கூடுதலான சிறு படகுகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் கடலுக்குப் பொருந்தாதவையும் இருந்தன. கரைவலைத் தொழிலாளியும், கரையோரத்தில் தோட்டம் செய்தவரும், மீன் காயவைத்து விற்ற பெண்ணும் தமக்கு என்ன தேவை என்று சொல்ல இடமின்றிக் காத்திருந்தனர். அந்த நிவாரணப் பணிகள் அனைத்தையும் ஆராய்ந்து 2006இல் வெளியான சர்வதேச மதிப்பீட்டு அறிக்கை, உதவி நிறுவனங்கள் தாமே பொருளை வழங்குவதிலிருந்து மாறி, பாதிக்கப்பட்ட மக்கள் தாமே வகுக்கும் முன்னுரிமைகளுக்குத் துணை நிற்க வேண்டும் என்று கூறியது.

எனவே கேட்பது அவசியம். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்ட பின் என்ன செய்வது என்பவற்றில்தான் பிழை நேர்கிறது. தொலைபேசி வந்ததால் அந்தப் பிழைகளில் சில குறைந்திருக்கின்றன, சில பெருகியுமிருக்கின்றன.

தாளிலிருந்து தொலைபேசிக்கு

இன்று நிறுவனங்கள் பரவலாகப் பயன்படுத்தும் கருவிகளுள் ஒன்றின் கதை, எம்மைப் போலவே இடம்பெயர்ந்த விவசாயிகளின் நாட்டோடு தொடர்புடையது. ஆபிரிக்காவில் உகண்டா நாட்டின் வடக்கே, அரச படைகளுக்கும் கிளர்ச்சிக் குழு ஒன்றுக்கும் இடையே நீடித்த போரினால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தமது வயல்களை விட்டு முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அச்சோலி இனத்தைச் சேர்ந்த கமக்காரர்கள். அவர்களுக்காகப் பேசுவோர் பலர் இருந்தனர். “இந்த மக்கள் மன்னிப்பையே விரும்புகிறார்கள்” என்றனர் ஒரு சாரார். “இல்லை, குற்றவாளிகளுக்குத் தண்டனையே வேண்டும் என்கிறார்கள்” என்றனர் மற்றொரு சாரார். 2005ஆம் ஆண்டு ஏப்பிரல், மே மாதங்களில் ஆய்வாளர் குழுவொன்று நான்கு மாவட்டங்களில் 2,585 பேரை நேரில் கண்டு கேட்டது. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர், கொடுமை செய்தவர்கள் பொறுப்புக் கூற வேண்டும் என்றனர். அதேவேளை, ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் பொதுமன்னிப்பையும் ஆதரித்தனர்.

ஒரே ஆளே இரண்டையும் விரும்பியிருக்கிறார். இதில் முரண்பாடு என்ன இருக்கிறது? கடத்தப்பட்ட தன் மகன் வீடு திரும்ப வேண்டும் என்று நினைக்கும் தாய், அவனைக் கடத்தியவன் பதில் சொல்ல வேண்டும் என்றும் நினைப்பாள். ஆனால் நேரில் போய்க் கேட்கும் வரை, வெளியிலிருந்து பேசியவர்கள் தமக்குப் பிடித்த பாதியை மட்டுமே “மக்களின் குரல்” என்று சொல்லிக் கொண்டிருந்தனர்.

அந்த ஆய்வில் பங்குகொண்ட பூங் பாம், பற்றிக் விங்க் ஆகிய இருவரும் இத்தகைய களப்பணிகளில் பெற்ற அனுபவத்திலிருந்து உருவாக்கியதே “கோபோ ரூல்பொக்ஸ்” என்னும் கருவி. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் மனிதாபிமான ஆய்வுப் பிரிவில் இது வளர்ந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கப்பட்ட “ஓபன் டேட்டா கிற்” என்னும் இலவச மென்பொருளைத் தழுவியே இதன் தொலைபேசிச் செயலி அமைந்துள்ளது. இலாப நோக்கற்ற நிறுவனங்கள் இதைக் குறித்த அளவு வரை கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

இது வேலை செய்யும் விதம் எளிது. அலுவலகத்தில் கணனியில் வினாக்கொத்தைத் தயாரிக்கிறார்கள். அது களப்பணியாளரின் தொலைபேசிக்கு இறங்குகிறது. அதன் பின்னர் இணைய இணைப்புத் தேவையில்லை. சிக்னல் எட்டாத காட்டோரக் கிராமத்திலும் பதில்களைப் பதியலாம்; அவை தொலைபேசியிலேயே தங்கியிருக்கும். மாலையில் ரவுணுக்கு வந்து இணைப்புக் கிடைத்ததும் எல்லாம் ஒன்றாக அனுப்பப்படும். ஒரே வினாக்கொத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வைத்திருக்கலாம். கிணறு இல்லை என்று ஒருவர் சொன்னால், கிணற்றைப் பற்றிய அடுத்த ஐந்து கேள்விகளும் தாமாகவே மறைந்துவிடும். எழுத வாசிக்கச் சிரமப்படும் ஒருவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிந்து வைக்கவும் முடியும்.

கூகிள் போர்ம்ஸ் போன்றவை இதைவிட இலகுவானவை. ஓர் இணைப்பை வட்ஸ்அப் குழுவில் போட்டால் மக்களே திறந்து நிரப்புவார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூட்டத் திகதியை முடிவு செய்யவும், இளைஞர் கழகம் பயிற்சி வகுப்பின் நேரத்தைக் கேட்கவும் இது போதும். ஆனால் இணைய இணைப்பும், டேட்டாவுக்குக் காசும், தமிழில் தட்டச்சுச் செய்யும் பழக்கமும் உள்ளவர்களே அதை நிரப்புவார்கள். இதை மறந்துவிட்டு முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு.

யாருடைய வாசலுக்குப் போகவில்லை?

1936இல் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். “லிற்றரறி டைஜெஸ்ற்” என்னும் புகழ்பெற்ற வார இதழ், யார் வெல்வார் என்று அறிய ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் வாக்குச்சீட்டு மாதிரிகளை அனுப்பியது. 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினர். அதற்கு முந்தைய ஐந்து தேர்தல்களிலும் அந்த இதழின் கணிப்புச் சரியாகவே இருந்தது. இம்முறை அல்பிரட் லான்டன் வெல்வார் என்று எழுதியது. வென்றவர் பிராங்ளின் ரூஸ்வெல்ட். அதுவும் 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றி வென்றார். ஜோர்ஜ் கலப் என்பவர் ஏறக்குறைய 50 ஆயிரம் பேரை மட்டும் கேட்டு ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று சரியாகச் சொல்லியிருந்தார்.

இத்தனை இலட்சம் பேர் சொன்னது எப்படிப் பிழைத்தது? அந்த இதழ் முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தது. பொருளாதார மந்தத்தில் அமெரிக்கா தவித்த காலம் அது. தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதி படைத்தவர்கள். வேலையிழந்தவரின் வீட்டுக்கு அந்தக் கடிதம் போகவேயில்லை. போன இடங்களிலும், மாற்றம் வேண்டும் என்று கொதித்துக் கொண்டிருந்தவர்களே அதிகமாகப் பதில் அனுப்பினர். மற்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டனர்.

“ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்கிறோம். அது உண்மைதான், ஆனால் அகப்பையால் கிளறிவிட்டு எடுத்த சோறாக இருக்க வேண்டும். அடியில் தீய்ந்து மேலே அரைவேக்காடாக இருக்கும் பானையில் மேலாக ஒரு சோற்றை எடுத்தால் அது எதற்கும் பதமாகாது. வட்ஸ்அப் குழுவில் வந்த பதில்கள் பானையின் மேற்சோறு.

கிராமங்களைப் பார்க்க வருவோர் எதைக் காணத் தவறுகிறார்கள் என்று பிரித்தானிய அறிஞர் றொபேட் சேம்பர்ஸ் 1983இல் வெளியான தமது நூலில் விரிவாக எழுதினார். 1970களில் தமிழ்நாட்டின் வட ஆற்காட்டிலும் இலங்கையின் தென்கிழக்கிலும் நெற்செய்கையை ஆராய்ந்த குழுவில் அவரும் இருந்தவர். வருபவர்கள் தார் வீதியோரம் உள்ள வீடுகளையே பார்க்கிறார்கள் என்றார். மழை பெய்து பாதை கெட்டு, பஞ்சமும் காய்ச்சலும் வாட்டும் மாதங்களில் அவர்கள் வருவதில்லை. அறுவடை முடிந்து பாதை காய்ந்த பிறகே வருகிறார்கள் என்றார். ஆண்களோடும், தலைவர்களோடும், ஏற்கெனவே திட்டத்தில் பயன் பெற்றவர்களோடும்தான் பேசுகிறார்கள் என்றும் எழுதினார். நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. தார் வீதி இருந்த இடத்தில் இன்று சிக்னல் கோபுரம் நிற்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

எமது நிலைமையில் விடுபட்டுப் போகிறவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். முகாம் பட்டியலில் பெயர் இல்லாமல் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருக்கும் குடும்பம். கூலி வேலைக்கு விடியற்காலை போய் இருட்டிய பின் திரும்பும் தம்பதி. கணவனின் அல்லது மகனின் சட்டைப் பையில் இருக்கும் ஒரே தொலைபேசியைத் தானாக எடுத்துப் பேச முடியாத பெண். காது மந்தமான முதியவர். யாருடைய கருத்தைக் கேட்டாலும் இவர்களுடைய கருத்து மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டிருக்கும். ஏனெனில் இவர்களுடைய நிலைமையே வேறு.

இதற்கு வழி இருக்கிறது. நெல் விளைச்சலை மதிப்பிட அரசாங்கம் எல்லா வயல்களையும் அளப்பதில்லை. சீட்டுக் குலுக்குவது போல வயல்களைத் தெரிந்து, அவற்றில் ஒரு துண்டை அளந்து அறுத்து நிறுக்கிறார்கள். நன்றாக விளைந்த வயலை உத்தியோகத்தர் தம் விருப்பப்படி தெரிந்தால் கணக்கு என்னவாகும் என்று கமக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடும்பங்களையும் அப்படியே தெரியலாம். 240 குடும்பங்கள் உள்ள இடத்தில் 40 குடும்பங்களைக் கேட்க நேரமிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 240ஐ 40ஆல் பிரித்தால் 6. ஒன்று முதல் ஆறு வரை எழுதிய துண்டுகளில் ஒன்றை ஒரு பிள்ளையைக் கொண்டு எடுப்பியுங்கள். 4 வந்தால், பட்டியலில் 4ஆவது, 10ஆவது, 16ஆவது என்று ஆறாறாகக் கூட்டிக்கொண்டு 238ஆவது குடும்பம் வரை போக வேண்டும். வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டைக் கேட்டுவிட்டு வருவது கூடாது. பின்னேரமோ ஞாயிற்றுக்கிழமையோ திரும்பிப் போக வேண்டும். இதற்கெல்லாம் முன்னதாகப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். கிராம அலுவலரிடம் உள்ள பட்டியலில் இல்லாதவர்களை ஊரவரே சேர்க்கலாம்.

தெரிந்தெடுத்த நாற்பது வீடுகளுக்கும் ஆள் நேரில் போக வேண்டும். தொலைபேசி அவருடைய கையில் இருக்கட்டும்; பதில் சொல்பவரிடம் தொலைபேசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முழுப் பயன் தருவது இந்த முறையே. ஆனால் நாற்பது பேரின் பதிலை வைத்துக்கொண்டு மிக நுணுக்கமாகப் பேசவும் கூடாது. 22 பேர் கிணறு என்றும் 18 பேர் குழாய்நீர் என்றும் சொன்னால், ஊரில் பெரும்பான்மையோர் கிணற்றையே விரும்புகிறார்கள் என்று சொல்வதற்கில்லை. வேறு நாற்பது பேரைக் கேட்டிருந்தால் அது மாறியிருக்கலாம். 35க்கு 5 என்று வந்தால் தயக்கமின்றிச் சொல்லலாம்.

“ஓம்” என்ற பதில்

“நாங்கள் தந்த விதைநெல் உங்களுக்குப் பயனளித்ததா?” என்று கேட்டால் எமது மக்கள் என்ன சொல்வார்கள்? “ஓம்” என்பார்கள். வீடு தேடி வந்தவரின் மனதைப் புண்படுத்துவது எமது வழக்கமல்ல. அத்தோடு, “இல்லை” என்று சொன்னால் அடுத்த முறை பெயர் வெட்டுப்பட்டுவிடுமோ என்ற பயமும் உண்டு. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் “ஓம்” என்றார்கள் என்று அறிக்கை போகும். கொடையாளர் மகிழ்வார். அடுத்த ஆண்டும் அதே விதை, அதே தாமதத்தோடு வரும்.

உதவி பெறுவோர் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய, மேரி அன்டர்சனும் அவருடைய தோழியரும் பல ஆண்டுகள் முயன்றனர். இலங்கை உட்பட இருபது நாடுகளில் ஏறக்குறைய 6,000 பேரோடு, வினாக்கொத்து எதுவும் இல்லாமல் ஆறுதலாக உட்கார்ந்து பேசினர். 2012இல் நூலாக வந்த அந்த ஆய்வு சொல்வது இதுதான்: மக்கள் முதலில் நன்றி சொல்கிறார்கள். பொறுமையோடு இருந்தால், அதன் பிறகு “ஆனால்” என்று தொடங்குகிறார்கள். வெளியே தயாரித்து முடித்த திட்டங்களோடு வருகிறார்கள், அவசரப்படுகிறார்கள், எங்களைக் கேட்பதில்லை என்பவை அந்த “ஆனால்” இற்குப் பின்னே நாடு நாடாகத் திரும்பத் திரும்ப வந்த சொற்கள். தொலைபேசி வினாக்கொத்து பெரும்பாலும் நன்றியோடு நின்றுவிடுகிறது. “ஆனால்” இற்கு அதில் கட்டமில்லை.

கட்டம் வைக்கலாம். பயன்பட்டதா என்று கேட்பதற்குப் பதில், நடந்ததைக் கேட்க வேண்டும். விதைநெல் கைக்குக் கிடைத்த திகதி எது? அப்போது வயல் உழுதிருந்ததா? எத்தனை புசல் விதைத்தீர்கள்? மிச்சத்தை என்ன செய்தீர்கள்? திகதியைச் சொல்வதில் யாருக்கும் மனக்குறை வராது. காலபோகத்துக்கு விதை டிசம்பர் மாத நடுவில் கிடைத்தது என்று நாற்பதில் முப்பது பேர் சொன்னால், “பயனில்லை” என்று ஒருவருமே வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கேள்வியில் இரண்டைத் திணிப்பதும் வழமையான பிழை. “விதையும் பசளையும் உரிய நேரத்தில் கிடைத்தனவா?” என்று 2021இல் கேட்டிருந்தால் கமக்காரர் என்ன சொல்லியிருப்பார்? அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. கையில் விதை இருந்தும் பசளை இல்லாமல் நின்றவர்கள் எத்தனை பேர்! ஓம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய்.

சொற்களையும் கவனிக்க வேண்டும். கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதி அவசரத்தில் மொழிபெயர்த்த வினாக்கொத்துகளில் எமது ஊர்ப் பேச்சில் இல்லாத சொற்கள் வந்து உட்கார்ந்து கொள்கின்றன. “உங்கள் வாழ்வாதார மீண்டெழும் தன்மை மேம்பட்டுள்ளதா?” என்றால் என்ன பதில் சொல்வது? அளவைகளில் இன்னும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்தார் காணியைப் பரப்பில் சொல்வார்கள். வன்னியில் ஏக்கரில் சொல்வார்கள். தோட்டக்காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர். இடம்பெயர்ந்து வன்னியில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் “நாலு” என்று சொன்னதை “4 ஏக்கர்” என்று பதிந்துவிட்டால், கால் ஏக்கர்காரர் ஒரு நொடியில் பெரிய காணிக்காரராகி நிவாரணப் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார். எண்ணையும் அளவையையும் தனித்தனியே கேட்குமாறு தொலைபேசியில் அமைக்கலாம். அமைப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஊரவர் இருவரை அழைத்து வினாக்கொத்தை ஒருமுறை வாசித்துக் காட்டினாலே போதும். களத்துக்கு இறங்குமுன் நாலைந்து வீடுகளில் கேட்டுப் பார்க்காத வினாக்கொத்தை நம்பக்கூடாது என்பது எமது அபிப்பிராயம்.

கடைசியில் ஒரு கேள்வியாவது பட்டியலில்லாமல் திறந்தபடி இருக்கட்டும். “அடுத்த முறை இதே பணத்தை உங்கள் கையில் தந்தால் எதற்குச் செலவிடுவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலைக் குரலில் பதிந்து, அலுவலகத்தில் மேலதிகாரி உட்கார்ந்து கேட்க வேண்டும்.

சில விடயங்களை மட்டும் இந்தக் கருவிகளால் ஒருபோதும் கேட்கக் கூடாது. 2002இல் மேற்கு ஆபிரிக்காவின் அகதி முகாம்களிலிருந்து வந்த அறிக்கை ஒன்று, நிவாரணப் பணியாளர் சிலரே உணவுக்கும் பொருளுக்கும் பதிலாகச் சிறுமிகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதை வெளிக்கொணர்ந்தது. அப்படியான முறைப்பாட்டை வாசலில் நின்று தொலைபேசியில் பதிய முடியாது. அதற்கு நம்பிக்கையான ஒரு பெண்ணும், தனியான ஓர் இடமும், உடன் நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் வேண்டும்.

பெயரும் படமும்

தாளில் எழுதிய தகவல் ஓர் அலுமாரிக்குள் இருக்கும். தொலைபேசியில் பதிந்த தகவல் எங்கே இருக்கிறது என்று பதிந்தவருக்கே சில வேளை தெரியாது. கோபோ போன்ற கருவிகளால் வீடு இருக்கும் இடத்தைச் செய்மதி மூலம் சில மீற்றர் வித்தியாசத்துக்குள் குறிக்க முடியும். பெயர், அடையாள அட்டை இலக்கம், முகப்படம், வீடு இருக்கும் இடம் ஆகிய நான்கும் ஒன்றாகச் சேர்ந்தால் அது யாருடைய கைக்கும் போகக்கூடிய ஒரு பட்டியல். பட்டியல்களைப் பற்றி எமது மக்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இது வெறும் பயமல்ல. 2022 ஜனவரியில், சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் தரவுகளுக்குள் யாரோ ஊடுருவியிருப்பது தெரிய வந்தது. போரினால் குடும்பத்தைப் பிரிந்தோர், காணாமற் போனோர், தடுத்து வைக்கப்பட்டோர் என 5 இலட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அங்கே இருந்தன. 2021இல், பங்களாதேஷில் தஞ்சமடைந்த ரொஹிங்யா மக்களின் விபரங்கள் அவர்களின் தெளிவான சம்மதமின்றி அவர்கள் தப்பி வந்த மியன்மார் அரசாங்கத்தின் கைக்கே போய்ச் சேர்ந்தன என்று மனித உரிமைகள் கண்காணிப்பகம் குற்றஞ்சாட்டியது. சம்மதம் பெறப்பட்டதாகவே அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனம் பதிலளித்தது. சம்மதம் என்று அலுவலகத்தில் எழுதப்படுவதும், வரிசையில் நின்று களைத்தவர் தலையாட்டியதும் ஒன்றுதானா என்பது அங்கே எழுந்த கேள்வி.

எமது நாட்டிலும் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. எதற்காகச் சேர்க்கிறோம் என்று சொல்லிச் சேர்க்க வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, தன்னைப் பற்றிய தகவலைப் பார்க்கவும் திருத்தவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்பன அதன் சாரம். சட்டத்தை எடுத்துக்காட்டி வாசலில் வாதாட வேண்டியதில்லை. உங்களிடம் வருபவரை இவ்வளவு கேளுங்கள்: எந்த நிறுவனத்திலிருந்து வருகிறீர்கள்? இந்தப் பதில்களை யார் பார்ப்பார்கள்? என் பெயர் இல்லாமல் இதைப் பதிய முடியாதா? விரும்பாத கேள்வியை விட்டுவிடலாமா? பதில் சொல்லாவிட்டால் என் நிவாரணம் நிற்குமா? முடிவை எப்போது, எங்கே வந்து சொல்வீர்கள்? இவற்றுக்குப் பதில் தெரியாதவரிடம் கோபிக்க வேண்டாம். அவரும் நாட்சம்பளத்துக்கு வந்த பிள்ளையாக இருக்கலாம். பதிலை அறிந்துகொண்டு நாளை வாருங்கள் என்று அனுப்பி வையுங்கள்.

விதை நல்லதா என்று கேட்க அடையாள அட்டை இலக்கம் எதற்கு?

திரும்பி வருதல்

உதவி நிறுவனங்கள் பல சேர்ந்து 2014இல் ஒரு பொது நியமத்தை ஏற்றுக்கொண்டன. 2024இல் அதைத் திருத்தியும் எழுதின. ஒன்பது வாக்குறுதிகள் அதில் இருக்கின்றன. தமக்கு உரித்தானவற்றை அறியவும், தீர்மானங்களில் பங்குகொள்ளவும், பயமின்றி முறைப்பாடு செய்து பதில் பெறவும் மக்களுக்கு இடமளிப்போம் என்பது அவற்றின் சாரத்தில் உள்ளது. ஆகவே, முடிவை வந்து சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்பது தயவை எதிர்பார்ப்பதல்ல. அவர்கள் எழுதிக் கொடுத்த வாக்கை ஞாபகப்படுத்துவதே.

திரும்பி வந்து சொல்வதற்குப் பெரிய செலவில்லை. சங்கக்கடைச் சுவரில் ஒரு பலகை. அதில் மூன்று பத்திகள். நீங்கள் சொன்னவை, எம்மால் செய்யக்கூடியவை, எம்மால் முடியாதவையும் அதற்கான காரணமும். வாசிக்க முடியாதோருக்காகக் கோயிலடியிலோ, ஆலய முற்றத்திலோ, பள்ளிவாசலடியிலோ ஒருவர் நின்று வாசித்துச் சொல்லலாம். அங்கே யாராவது எழுந்து, “நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே” என்று சொன்னால் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது பத்தியை எழுத நிறுவனங்கள் பெரும்பாலும் வெட்கப்படுகின்றன. ஆனால் “நிதி தந்தவர் மாட்டுக்கு மட்டுமே தந்தார், மேய்ச்சல் தரைக்கு வேலி போட அதில் இடமில்லை” என்று வெளிப்படையாகச் சொன்னால் கமக்காரர் புரிந்துகொள்வார். பேசாமல் இருந்தால்தான், யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்ற கதை பரவும்.

இதை நிறுவனம் வரும் வரை காத்திருந்துதான் செய்ய வேண்டும் என்றில்லை. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் தாமாகவே செய்யலாம். உயர்தரம் படித்த இரண்டு பிள்ளைகள், ஓர் அன்ட்ரொயிட் தொலைபேசி, பத்துக் கேள்விகள் போதும். பெண்களைப் பெண் பிள்ளையே கேட்கட்டும். ஊரில் முப்பது நாற்பது குடும்பங்கள்தான் என்றால் சீட்டுக் குலுக்கத் தேவையில்லை, எல்லோரையும் கேட்டுவிடலாம். பெயரை எழுத வேண்டாம். பதில்களைக் கூட்டிக் கணக்கிடும் வேலையைக் கருவியே செய்துவிடும். அந்த ஒரு பக்கத்தைச் சங்கக் கூட்டத்தில் வாசித்து, திருத்தி, ஒப்பமிட்டு, பிரதேச செயலகத்துக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் வரும் நிறுவனங்களுக்கும் கொடுங்கள். அடுத்த முறை ஐம்பது கேள்விகளோடு வருபவரிடம் முதலில் அதை நீட்டலாம்.

நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காலபோக விதைப்பைப் பற்றிய கேள்வியை ஆடி மாதத்தில் கேட்டு, ஆவணியில் பலகையில் எழுதினால், புரட்டாதியில் விதை வாங்க அவகாசம் இருக்கும். கார்த்திகை மழையில் வந்து கேட்பவரிடம், அடுத்த சிறுபோகத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.